ஊதியதும் பக்கென்று பற்றுவது எது?

'விறகு அடுப்பு புகைந்துகொண்டே இருக்கும். ஊதுகுழலால் நாலு ஊது ஊதினால் பக்கென்று பற்றிக்கொள்ளும், புகையும் காணாமல் போய்விடும். அவ்வளவு புகையும் எங்கே போகிறது?' என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். அது எரிந்துவிடுகிறது என்பதுதான் பதில்.

எரிபொருள், வெப்பம், ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்தால் தீ என்று பள்ளியில் படித்திருப்போம். சரி, விறகு அடுப்பில் எரிபொருள் எது? சூடு 250 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் மரம் உள்ளுக்குள் சிதைந்து கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன், மீத்தேன், தார் ஆவி என்று வெளியே தள்ளுகிறது. காய்ந்த விறகின் எடையில் ஏறக்குறைய முக்கால் பங்கு இப்படிப் போய்விடும், மிஞ்சுவது கரி. நாம் பார்க்கும் சுவாலை அந்த வாயுக்கள் எரிவதுதான். அவை பற்றாமல் வெளியேறினால், குளிர்ந்த தார் துளிகள் வெள்ளைப் புகையாகக் கண்ணைக் கரிக்கின்றன. மெழுகுவத்தியை அணைத்ததும் எழும் புகையில் தீக்குச்சியைக் காட்டிப் பாருங்கள், தீ புகை வழியே இறங்கித் திரியைப் பிடிக்கும். எனக்கு அலுக்கவே அலுக்காத காட்சி அது.

இப்போது ஊதுகுழலுக்கு வருவோம். காற்று பட்டதும் கங்கு சிவந்து, அதன் மேற்பரப்பு பல நூறு டிகிரி சூடேறுகிறது. அதே காற்று, அடுப்புக்குள் தேங்கி நிற்கும் வாயுவோடு ஆக்சிஜனைக் கலந்துவிடுகிறது. கலவையின் ஏதோ ஒரு மூலை கங்கைத் தொட்டால் போதும், நொடியில் முழுவதும் பற்றிவிடும். அப்புறம் சுவாலையின் சூடே விறகிலிருந்து அடுத்த வாயுவை வரவழைத்துக்கொள்ளும். ஊதுவதை நிறுத்தலாம். சுள்ளியும் கங்கும் குறைவாக இருக்கும்போது வேகமாக ஊதினால் சூடு பறந்து தீ அணைந்துவிடுவதும் இதனால்தான்.

பச்சை விறகின் தொல்லையும் இங்கேதான். எடையில் பாதி தண்ணீர் என்று வையுங்கள். அதை ஆவியாக்க விறகின் வெப்பத்தில் ஏழில் ஒரு பங்கு போதும். பெரிய நஷ்டம் அதுவல்ல, வேறொன்று. அந்த நீராவி வாயுவைக் குளிர்வித்து, நீர்க்கச் செய்து, பற்றவிடாமல் தடுக்கிறது. அடுப்புக்கு வரவேண்டிய வெப்பம் புகையாகவே கூரையேறிவிடுகிறது.

வீட்டுப் புகையால் ஆண்டுக்குச் சுமார் 32 லட்சம் பேர் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2020-க்குக் கணக்கிட்டது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் 1974-ல் தொடங்கிய அஸ்த்ரா குழு, புகைபோக்கி வைத்த மூன்று பாத்திர அடுப்பை வடிவமைத்தது. அடுப்பும் ஆய்வுக்கூடத்துக்குரிய பொருள்தான் என்று நினைத்த அந்த மனிதர்கள் மீது எனக்கு மரியாதை உண்டு. ராக்கெட்டுக்குப் பணம் ஒதுக்குவதில் தவறில்லை. ஆனால் கோடிக்கணக்கான பெண்கள் தினமும் உட்காரும் இடத்துக்கு இன்னும் தாராளமாக ஒதுக்கியிருக்க வேண்டும்.

அதுவரை நீங்கள் செய்யக்கூடியது: ஒரு தடிக்கட்டைக்குப் பதில் பிளந்த விறகு இரண்டு மூன்றை, அடியில் காற்று போக இடம்விட்டு வையுங்கள். அடுப்பு வாயை அடைக்காதீர்கள். சுவாலை அடங்கிக் கங்கு மட்டும் கனன்றாலும் ஜன்னல் திறந்தே இருக்கட்டும். கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாத நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடு அப்போதும் வந்துகொண்டிருக்கும்.