மூன்று சக்கரங்களும் ஒரு கணக்கும்

வவுனியாவிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அவருடைய பழைய ஹைபிரிட் காரில் ஒருநாள் எச்சரிக்கை விளக்கு எரிந்திருக்கிறது. கராஜில் ஸ்கேனரைச் செருகிப் பார்த்துவிட்டு, பேட்டரி போய்விட்டது என்றார்களாம். கார் வழக்கம்போல ஓடுகிறது, ஒரு சத்தமும் இல்லை. "திறந்துகூடப் பார்க்காமல் பேட்டரி கெட்டது காருக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்கிறார்.

கணக்குப் போட்டுத்தான். இதைச் சொல்ல பேட்டரியைவிட கியர்பெட்டியில் தொடங்குவது எனக்குப் பிடிக்கும்.

1997 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த டொயோட்டா பிரியஸை எடுத்துக்கொள்வோம். பெட்ரோல் எஞ்சின் ஒன்று, மின்மோட்டார்கள் இரண்டு. மூன்றையும் இணைப்பது ஒரே ஒரு கோள் பல்சக்கரத் தொகுதி. நடுவில் 30 பற்கள் உள்ள சூரியச் சக்கரம். அது சின்ன மோட்டாரோடு சேர்ந்தது. அதைச் சுற்றிவரும் கோள் சக்கரங்களைத் தாங்கும் சட்டம் எஞ்சினோடு சேர்ந்தது. வெளியே, உள்பக்கம் 78 பற்கள் வெட்டிய வளையம். பெரிய மோட்டாரும் கார்ச் சக்கரங்களும் அதோடுதான் சேர்ந்திருக்கின்றன.

சூரியச் சக்கரத்தின் வேகத்தை 30-ஆல் பெருக்குங்கள். வளையத்தின் வேகத்தை 78-ஆல் பெருக்குங்கள். இரண்டையும் கூட்டினால் எஞ்சின் வேகத்தைப் போல 108 மடங்கு வரும். பற்கள் ஒன்றோடொன்று கோத்திருக்கும்வரை இந்தக் கணக்கு ஒரு நொடிகூடப் பிசகாது.

கார் நிற்கிறது, எஞ்சின் நிமிடத்துக்கு 1000 சுற்று ஓடுகிறது என்றால் சூரியச் சக்கரம் 3600 சுற்று சுற்றியாக வேண்டும். கார் நகர்ந்து வளையமும் 1000-ஐத் தொட்டால் மூன்றும் ஒரே கட்டையாகச் சேர்ந்து சுழலும். எஞ்சினை அணைத்துவிட்டு அதே வேகத்தில் போனால் சூரியச் சக்கரம் 2600 சுற்றில் பின்பக்கமாக ஓடும். ஆக, சின்ன மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைத்தாலே எஞ்சினை எந்த வேகத்திலும் வைத்துக்கொள்ளலாம். கியர் மாற்றம் என்பது இங்கே அவ்வளவுதான். பல் மாற்றுவதும் இல்லை, கிளட்ச் மிதிப்பதும் இல்லை. முதன்முதலில் இதைத் தாளில் போட்டுப் பார்த்தபோது வெகுநேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதே கணக்குதான் காவல்காரனும். மூன்று வேகங்களையும் மூன்று உணரிகள் தனித்தனியே அளக்கின்றன. வளையம் 2000, சூரியச் சக்கரம் 200 என்றால் எஞ்சின் 1500-இல் இருக்க வேண்டும். எஞ்சினில் உள்ள உணரி 1800 என்று சொன்னால் 300 சுற்று மிச்சம் நிற்கிறது. அந்த மிச்சம்தான் கோளாறின் முதல் அடையாளம். எஞ்சினுக்கும் கியர்பெட்டிக்கும் நடுவிலுள்ள இணைப்பு வழுக்கலாம், அல்லது ஏதோ ஓர் உணரி பொய் சொல்லலாம். யார் பொய் சொல்வது? வளையத்தின் வேகத்தை ஏபிஎஸ் பிரேக்கின் சக்கர உணரிகளோடு ஒப்பிடலாம். எஞ்சின் அணைந்திருக்கும்போது அதன் வேகம் பூஜ்யம் என்பது முன்பே தெரியும். அப்போது மற்ற இரண்டும் கணக்குக்கு ஒத்துவருகின்றனவா என்று பார்க்கலாம். இப்படி ஒவ்வொருவராகக் கழித்துவந்தால் ஆள் அகப்படுவான். வழுக்கலைக் கண்டுபிடிக்கத் தனியாக ஓர் உணரி தேவையில்லை. இருக்கும் அளவுகள் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்கின்றன.

சரி, பேட்டரிக்கு வருவோம். 2003-இல் வந்த இரண்டாம் தலைமுறை பிரியஸில் 168 நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்கள் வரிசையாக இணைந்து 201.6 வோல்ட் தருகின்றன. ஆறு செல் ஒரு கட்டு, மொத்தம் 28 கட்டுகள். கணினி அவற்றை இரண்டிரண்டாக, 14 ஜோடிகளாக அளக்கிறது. வரிசை இணைப்பு என்பதால் எல்லா ஜோடியிலும் ஒரே மின்னோட்டம்தான் பாயும். அப்படியானால் வோல்ட் இறங்குவதும் ஏறுவதும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். நல்ல ஜோடியின் உள்மின்தடை 0.04 ஓம் என்று வைத்துக்கொள்வோம். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது 50 ஆம்பியர் பாய்ந்தால் 2 வோல்ட் இறங்கும். வயதாகி 0.06 ஓம் ஆன ஜோடியில் 3 வோல்ட் இறங்கும். பிரேக் பிடித்து சார்ஜ் ஏறும்போது அதே ஜோடி மற்றவற்றைவிடக் கூடுதலாக ஏறும். கொடுக்கும்போது தாழ்ந்தும் வாங்கும்போது உயர்ந்தும் தனித்து நிற்கும் அந்த ஒன்றுதான் நோயாளி. கார் நிற்கும்போது மீட்டர் வைத்துப் பார்த்தால் 14-ம் கிட்டத்தட்ட ஒன்றாகவே காட்டக்கூடும். அதனால்தான் திறந்து பார்ப்பதைவிட ஓட்டிப் பார்ப்பது மேல். வேறுபாடு எல்லை தாண்டி நீடித்தால் விளக்கு எரியும், பேட்டரிக் கோளாறைக் குறிக்கும் பி0ஏ80 என்ற குறியீடு பதிவாகும். எல்லையை மிக நெருக்கமாக வைத்தால் மேடு பள்ளத்துக்கெல்லாம் விளக்கு எரியும். தளர்த்தி வைத்தால் காலம் கடந்துவிடும். அந்த எண்ணை முடிவு செய்வதில்தான் பொறியாளரின் அனுபவம் முழுவதும் இருக்கிறது.

வாசகரின் மாமா இதை நாவூறு என்று சொல்லி எலுமிச்சம்பழம் நசுக்கச் சொன்னாராம். பழம் நசுக்குவதால் காருக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் அதோடு திருப்திப்பட்டு மாதக்கணக்கில் ஓட்டுவதை நான் ஏற்கமாட்டேன். பின் இருக்கைக்குப் பக்கத்தில் பேட்டரிக்குக் காற்று இழுக்கும் துவாரம் இருக்கும். அது தூசியால் அடைத்தால் வெப்பம் தேங்கும். நடுவிலுள்ள கட்டுகள் அதிகம் சூடாகி முதலில் தளரும். அந்தத் துவாரத்தைத் துடைப்பதுதான் உண்மையான பரிகாரம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். புதிய வேதியியல் கொண்ட பேட்டரி என்றால் ஆராய்ச்சிப் பணமும் செய்தியும் தேடி வருகின்றன. வயதான பேட்டரியை அளவெடுத்து, எது இன்னும் உழைக்கும் என்று சொல்லும் வேலைக்கு யாரும் அவ்வளவாகக் கொடுப்பதில்லை. ஜப்பானில் ஓடிய கார்களை வாங்கி இன்னும் பல ஆண்டுகள் ஓட்டும் இலங்கை போன்ற நாட்டுக்கு இந்த இரண்டாவது வேலைதான் முதலில் வேண்டும். ஒரு பழைய பேட்டரியும் வோல்ட்டையும் மின்னோட்டத்தையும் அளக்கும் மீட்டரும் இருந்தால் கல்லூரிப் பட்டறையிலேயே தொடங்கிவிடலாம். 200 வோல்ட் ஆளைக் கொல்லும் என்பதால் பயிற்சி பெற்றவர் கூட இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

வாசகருக்கு: கராஜில் ஸ்கேனரைச் செருகியபடியே ஒரு ஏற்றத்தில் ஓட்டி, ஜோடிகளின் வோல்ட்டைக் காட்டச் சொல்லுங்கள். உங்கள் காரில் ஜோடிகளின் எண்ணிக்கை வேறாக இருக்கலாம், முறை இதேதான். ஏற்றத்தில் தாழ்ந்து இறக்கத்தில் உயர்ந்து ஒன்று மட்டும் ஆடினால் அந்த ஜோடியிலுள்ள கட்டு போய்விட்டது. அதை மட்டும் மாற்றினால் கொஞ்ச காலம் ஓடும், பிறகு அதே வயதுள்ள அடுத்தது விழும். ஏற்ற இறக்கத்தோடு சேராமல் எண் தாறுமாறாகத் துள்ளினால் கட்டுகளை இணைக்கும் செப்புப் பட்டைகளில் பச்சை பூத்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பேட்டரி நன்றாக இருந்தும் அந்தப் பச்சைக் களிம்பு அளவைக் கெடுத்துவிடும்.