பதிவேட்டில் ஏறிய பழைய வீட்டை இடிக்க முடியுமா?

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், வயல்வெளிகள் நிறைந்த மேடிசன் கவுண்டியில் (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) ஒரு காலத்தில் 19 கூரைப் பாலங்கள் இருந்தன. மரப் பாலத்துக்குக் கூரை எதற்கு? அழகுக்காக அல்ல. தளத்தைத் தாங்கும் பருமனான மரங்கள் நனைந்து இற்றுப்போனால் மாற்ற நிறையச் செலவாகும். கூரைப் பலகைகளை மாற்றுவது மலிவு. இன்று நிற்பவை ஆறு. அவற்றில் ஐந்துதான் தலைப்பில் சொன்ன பதிவேட்டில், அதாவது மத்திய அரசின் ‘வரலாற்று இடங்களின் தேசியப் பதிவேட்டில்’ உள்ளன. 1883இல் கட்டிய சீடர் பாலத்துக்கு 2002இல் யாரோ தீ வைத்தார்கள். 2004இல் அதே வடிவில் எழுப்பினார்கள். 2017இல் அதற்கும் தீ வைக்கப்பட்டது. 2019இல் மறுபடி எழுந்தது. ஆனாலும் நகல் நகல்தான். பதிவேட்டுக்குப் பழைய மரம் வேண்டும்.

இந்தப் பதிவேடு 1966ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. மத்திய அரசின் தேசியப் பூங்காச் சேவை இதைப் பராமரிக்கிறது. கட்டடம் பொதுவாக 50 ஆண்டுகளைக் கடந்திருக்க வேண்டும். முக்கிய நிகழ்வு, முக்கிய மனிதர், கட்டடக்கலை, தொல்லியல் தகவல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றால் அது சிறப்புப் பெற்றிருக்க வேண்டும். பழைய தோற்றமும் பெரும்பாலும் கலையாமல் இருக்க வேண்டும். இடம் மாற்றப்பட்ட கட்டடங்களைப் பொதுவாகச் சேர்ப்பதில்லை. ஆனால் விதிவிலக்கு உண்டு: 1970இல் அதே மேடிசன் கவுண்டியின் விண்டர்செட் நகரப் பூங்காவுக்குக் கொண்டுவரப்பட்ட கட்லர் டோனஹோ கூரைப் பாலம் பட்டியலில் இருக்கிறது.

விண்ணப்பம் பொதுவாக மாநில வரலாற்றுப் பாதுகாப்பு அலுவலகம் வழியாக மேலே போகும். தனியார் உரிமையாளர் நோட்டரி முன்னிலையில் ஆட்சேபம் எழுதிக் கொடுத்தால் பதிவு நின்றுவிடும். முழுத் தெருவோ கடைவீதியோ ‘வரலாற்று வட்டாரம்’ ஆகும்போது தனியார் உரிமையாளர்களில் பெரும்பான்மையினர் எதிர்த்தால்தான் நிற்கும். எத்தனை கட்டடம் வைத்திருந்தாலும் ஒருவருக்கு ஒரே ஓட்டு. வட்டார எல்லைக்குள் இருக்கும் எல்லாமே வரலாற்றுக் கட்டடம் ஆகிவிடாது. ‘பங்களிப்பவை’, ‘பங்களிக்காதவை’ என்று ஒவ்வொன்றையும் பிரித்தே எழுதுவார்கள். நேற்று வந்த பெட்ரோல் பங்க் இரண்டாவது வரிசையில்தான் நிற்கும்.

இனி தலைப்பில் கேட்ட கேள்வி. முடியும். பலருக்கு இது அதிர்ச்சியாக இருக்கும். தேசியப் பதிவேட்டில் இருப்பதால் மட்டும் யாரும் உங்கள் கையைப் பிடிப்பதில்லை. சொந்தப் பணத்தில் ஜன்னலை மாற்றலாம், வேறு வண்ணம் அடிக்கலாம், இடித்தும் தள்ளலாம். மத்திய அரசின் பணமோ உரிமமோ அனுமதியோ நுழையும் இடத்தில்தான் சட்டம் விழிக்கிறது. அத்தகைய ஒரு சாலைப் பணி பழைய பாலத்தைப் பாதிக்கும் என்றால், சம்பந்தப்பட்ட மத்தியத் துறை அந்த 1966 சட்டத்தின் 106ஆம் பிரிவின்படி அந்தப் பாதிப்பை ஆராய்ந்து, மாநில அலுவலகத்தைக் கலந்தாலோசித்தே தீர வேண்டும். பதிவாகாவிட்டாலும் பதிவாகத் தகுதி இருந்தாலே இது பொருந்தும். ஆனால் கலந்து பேசத்தான் கட்டாயம். இடிக்காமல் விடக் கட்டாயம் இல்லை.

உண்மையான கடிவாளம் உள்ளூர் விதியில் இருக்கிறது. நகரமோ கவுண்டியோ தனியாகச் சட்டம் போட்டு ஒரு வரலாற்றுப் பாதுகாப்பு ஆணையம் அமைத்திருந்தால், வெளித்தோற்றத்தை மாற்றுவதற்கு முன் ‘பொருத்தச் சான்றிதழ்’ வாங்கச் சொல்லலாம். எனவே பழைய வீடு வாங்குகிறவர்கள் வாஷிங்டனைப் பற்றிக் கவலைப்படுவதைவிட ஊர் அலுவலகத்தில் ஒரு கேள்வி கேட்பது மேல்.

பணப் பலன் உண்டா? வாடகைக்கு விடும் கட்டடம், கடை, விடுதி போன்று வருமானம் தருபவற்றை முறைப்படி புதுப்பித்தால், தகுதியான செலவில் 20 சதவீதத்தைக் கட்ட வேண்டிய மத்திய வரியிலேயே கழித்துக்கொள்ளலாம். அதை ஐந்து ஆண்டுகளில் பிரித்துக் கழிக்க வேண்டும். குடியிருக்கும் சொந்த வீட்டுக்கு இது கிடையாது. சில மாநிலங்கள் வீடுகளுக்கும் தனிச் சலுகை வைத்திருக்கின்றன.

பதிவேட்டில் இருப்பதைச் சொல்லிச் சுவரில் மின்னும் வெண்கலப் பலகை? அரசு தருவதில்லை. வேண்டுமானால் உரிமையாளரே காசு கொடுத்துச் செய்து மாட்டிக்கொள்ள வேண்டியதுதான்.