இரண்டு சர்வர் இருந்தும் தளம் முடங்குவது ஏன்?

"ரெண்டு சர்வர் போட்டாச்சு, ஒண்ணு போனா இன்னொண்ணு பாத்துக்கும்." சேலத்தில் கொலுசு வியாபாரி முதல் கல்லூரி அலுவலகம் வரை பலரும் என்னிடம் நம்பிக்கையோடு சொல்வது இது. ஒன்று போய்விட்டது என்பதை யார் கண்டுபிடிப்பார்கள் என்று கேட்டால் பெரும்பாலும் பதில் இருக்காது.

ஏற்காட்டில் ஒரு தங்கும் விடுதியின் முன்பதிவுத் தளம். முன்னால், வரும் கோரிக்கைகளைப் பிரித்து அனுப்பும் லோட் பேலன்ஸராக ஹெச்ஏபிராக்ஸி; பின்னால், தளத்தை இயக்கும் டாம்கேட் என்ற புரோகிராம் ஓடும் இரண்டு சர்வர். கோடை விழா நேரத்தில் சிலருக்குத் தளம் சட்டென்று திறந்தது, சிலருக்கு வெள்ளைத் திரை சுற்றிக்கொண்டே இருந்தது. ஒரு டாம்கேட்டில் டேட்டாபேஸ் கனெக்‌ஷன் பூல் (தயாராக வைத்திருக்கும் இணைப்புகளின் தொகுப்பு) தீர்ந்துபோய், வந்த கோரிக்கைகள் எல்லாம் வரிசையில் காத்துக் கிடந்தன. ஆனால் புரோகிராம் ஓடிக்கொண்டுதான் இருந்தது, கோரிக்கைகள் வரும் வாசலான 8080 போர்ட்டும் திறந்தே இருந்தது. ஹெச்ஏபிராக்ஸியின் அமைப்புக் கோப்பில் சர்வர் வரியில் வெறும் 'செக்' என்று மட்டும் போட்டால், டிசிபி இணைப்பு (வெறும் நெட்வொர்க் தொடர்பு) கிடைக்கிறதா என்பதோடு அது நிறுத்திக்கொள்ளும். இணைப்பு கிடைத்தது. அதனால் பாதிக் கூட்டத்தை அந்த முடங்கிய சர்வருக்கே அனுப்பிக்கொண்டிருந்தது.

ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுள்ள அடிவாரச் சாலையும் உண்டு, குப்பனூர் வழியும் உண்டு. மேலே மண் சரிந்த சேதி அடிவாரத்தில் நிற்பவருக்கு எட்டினால்தான் வண்டியைக் குப்பனூர் பக்கம் திருப்புவார். சாலையின் முதல் நூறடியை மட்டும் பார்த்துவிட்டுப் போகச் சொன்னால், இரண்டாவது வழி இருந்தும் பயனில்லை.

அதனால் ஹெல்த் செக்குக்கென்று, அதாவது சர்வர் நலமா என்று பார்க்க, ஒரு தனிப் பக்கம் எழுதச் சொல்லுங்கள். அது பூலில் இருந்து ஒரு கனெக்‌ஷன் எடுத்து, சின்னதாக ஒரு கேள்வி கேட்டு, ஓரிரு விநாடிக்குள் பதில் தர வேண்டும். அந்தப் பக்கத்தைக் கேட்கும்படி அமைத்தால், ஹெச்ஏபிராக்ஸி இயல்பாக 2 விநாடிக்கு ஒருமுறை பார்த்து, தொடர்ந்து 3 முறை தவறினால் அந்த சர்வரை ஒதுக்கிவிடும். இதில் ஒரு எச்சரிக்கை: இரண்டு சர்வருக்கும் டேட்டாபேஸ் ஒன்றேதான் என்றால், அது சில விநாடி தடுமாறினாலும் இரண்டும் ஒன்றாக ஒதுக்கப்பட்டு எல்லோருக்கும் 503 (சேவை இல்லை) என்ற பிழை வரும். டேட்டாபேஸுக்கு மாற்று ஏற்பாடு இல்லாதவரை, முன்னால் எத்தனை சர்வர் வைத்தாலும் முழுப் பாதுகாப்பு இல்லை.

ஹெச்ஏபிராக்ஸிக்குப் பதிலாக என்ஜின்எக்ஸ் வைத்திருப்பவர்கள் கவனிக்க: இலவசப் பதிப்பு தானாகப் போய் விசாரிக்காது, உண்மையான வாடிக்கையாளரின் கோரிக்கை தோற்ற பிறகுதான் அதற்குத் தெரியும். இணைப்புக்காகக் காத்திருக்கும் நேரம் இயல்பில் 60 விநாடி. கரண்ட் போய் அணைந்த சர்வருக்காக அவ்வளவு நேரம் யார் காத்திருப்பார்கள்? 2, 3 விநாடியாகக் குறைத்துவிடுங்கள். போஸ்ட் கோரிக்கையை (படிவம், பணம் போன்றவற்றை அனுப்புவது) ஒரு சர்வருக்கு அனுப்பிய பிறகு அது தோற்றால், என்ஜின்எக்ஸ் இயல்பாக அடுத்த சர்வருக்கு மறுபடி அனுப்பாது. அதை அப்படியே விடுங்கள். மாற்றினால் ஒரே அறைக்கு இரண்டு முறை பணம் பிடிக்கப்படலாம்.

அப்புறம் செஷன், அதாவது லாகின் செய்தவர் யார் என்று சர்வர் வைத்திருக்கும் நினைவு. லாகின் செய்தவரை அதே சர்வருக்கே அனுப்பும் ஸ்டிக்கி செஷன் வசதியானதுதான், ஆனால் அந்த சர்வர் விழுந்தால் அவருடைய லாகினும் போய்விடும். செஷனை ரெடிஸ் (நினைவகத்தில் தரவை வைக்கும் புரோகிராம்) போன்ற, எல்லா சர்வருக்கும் பொதுவான இடத்தில் வைப்பது நல்லது. பதிவேற்றிய அடையாள அட்டை நகல்களும் அப்படித்தான்: ஒரு சர்வரின் வட்டில் கிடந்தால் அடுத்த கோரிக்கை இன்னொரு சர்வருக்குப் போய், கோப்பு இல்லை என்று சொல்லும். இரவில் தானாக ஓடும் வேலைகளையும் பாருங்கள். இரண்டு சர்வரிலும் அது ஓடினால் வாடிக்கையாளருக்கு ஒரே எஸ்எம்எஸ் இரண்டு முறை போகும்.

லோட் பேலன்ஸரே ஒன்றுதான் இருக்கிறதா? அதற்கும் ஜோடி வேண்டும். இரண்டிலும் கீப்அலைவ்டி என்ற புரோகிராம் இருந்தால் முதன்மை இயந்திரம் விநாடிக்கு ஒருமுறை 'இருக்கிறேன்' என்று சொல்லும். மூன்று முறை சேதி வராவிட்டால் மாற்று இயந்திரம் இரண்டுக்கும் பொதுவான ஐபி முகவரியை எடுத்துக்கொள்ளும், 4 விநாடிக்குள் முடிந்துவிடும். இந்தச் சேதியை (விஆர்ஆர்பி என்பது இதன் பெயர்) ஃபயர்வால் தடுத்தால் இரண்டுமே தன்னை முதன்மை என்று நினைத்து ஐபிக்கு மல்லுக்கட்டும். சொந்த அலுவலகத்தில் வைப்பவர்கள் இரண்டையும் ஒரே யூபிஎஸ்ஸில், ஒரே சுவிட்சில் மாட்டாதீர்கள்.

எல்லாம் அமைத்த பிறகு, கூட்டம் இல்லாத நேரத்தில் நீங்களே உடைத்துப் பாருங்கள். நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குவது எளிய சோதனை. அதைவிட முக்கியமானது, டாம்கேட்டை நிறுத்தாமல் 'கில் -ஸ்டாப்' என்ற லினக்ஸ் கட்டளை கொடுத்து உறைய வைப்பது: போர்ட் திறந்திருக்கும், பதில் வராது. மேலே சொன்ன விடுதியின் நிலைமை கிட்டத்தட்ட அப்படியே வந்துவிடும். அப்போதும் முன்பதிவு கடைசிப் படிவரை போகிறதா, மிஞ்சிய ஒரே சர்வரின் சிபியு எவ்வளவு ஏறுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இரண்டும் சாதாரண நாளிலேயே 70 சதவீதத்தில் ஓடினால், ஒன்று விழும்போது மற்றதன் தலையில் 140 சதவீதம் வந்து விழும். அப்படியானால் மூன்றாவது சர்வருக்கு இப்போதே பட்ஜெட் கேளுங்கள்.