விழப்போகிற பல்லுக்கு எவ்வளவு செலவு செய்யலாம்?

நாலு வயதுப் பிள்ளையின் கடைவாய்ப் பால்பல் விழப் பத்து, பன்னிரண்டு வயதாகும். பால்பல் சொத்தைக்குச் சிகிச்சை என்றதும் "விழப்போற பல்லுதானே டாக்டர், இதுக்கு எதுக்குச் செலவு?" என்று கேட்கும் பெற்றோரிடம் இதைத்தான் முதலில் சொல்வேன். இன்னும் ஆறேழு வருஷம் அந்தப் பல் மெல்ல வேண்டும். இன்றைய பில்லை மட்டும் பார்க்காமல், விழும்வரை மொத்தம் எவ்வளவு போகும் என்று பாருங்கள். அப்படிப் பார்த்தால், ஊசியும் டிரில்லும் இல்லாத எளிய சிகிச்சைகளே பல பிள்ளைகளுக்குச் சிக்கனம்.

சில்வர் டயமைன் ஃப்ளோரைடு என்று ஒரு மருந்து. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. ஈறில் வாஸ்லின் தடவி, பல்லைத் துடைத்துக் காயவைத்து, சின்ன பிரஷ்ஷால் தொட்டு வைத்தால் போதும். பெரும்பாலான சொத்தைகள் அதோடு பரவாமல் நின்று, கருத்து இறுகிவிடும். செலவாகும் மருந்து சில துளிதான். ஆனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வர வேண்டும். பஸ் கட்டணம், அப்பாவின் ஒருநாள் சம்பளம் எல்லாம் கணக்கில் சேரும். முன்பல் கருப்பாகும் என்றால் "பொம்பளப் பிள்ளையாச்சே டாக்டர்" என்று சிலர் தயங்குவார்கள். அந்தத் தயக்கம் நியாயம்தான். பூசுவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டியது எங்கள் பொறுப்பு.

அப்புறம் சிமெண்ட் அடைப்பு. சொத்தையைக் கையால் சுரண்டி, கிளாஸ் அயனோமர் என்ற பல் சிமெண்ட்டை வைத்து மூடும் முறை 1980-களில் தான்சானியாவில், மின்சாரம் இல்லாத இடங்களுக்காக உருவானது. பல்லின் மேல்பரப்பில் மட்டும் குழி என்றால் நன்றாக நிற்கும். இரண்டு கடைவாய்ப் பற்களுக்கு நடுவே சொத்தை என்றால் கதை வேறு. அடைப்பு பெயர்ந்து விழும், மறுபடி அடைப்போம், அதுவும் விழும். அதற்குள் சொத்தை நரம்பைத் தொட்டிருக்கும். கடைசியில் வேர் சிகிச்சை, அதன்மேல் கேப். மலிவு என்று ஆரம்பித்தது எங்கேயோ போய் நிற்கும்.

இந்த மாதிரிப் பல்லுக்கு முதலிலேயே ஸ்டீல் கேப் போடுவதையே நான் சொல்வேன். ஸ்காட்லாந்துப் பல் மருத்துவர் நோர்னா ஹால் பழக்கத்தில் கொண்டுவந்த முறையில் சொத்தையைத் தோண்டுவதே இல்லை. தேவைப்பட்டால் சில நாள் முன்பே பற்களுக்கு நடுவே ரப்பர் வளையம் வைத்து இடம் உண்டாக்குவோம். பிறகு கேப்பில் சிமெண்ட் நிரப்பிப் பல்மேல் அழுத்தினால், பிள்ளையே கடித்து உட்கார வைத்துவிடும். உள்ளே மாட்டிய கிருமிக்குச் சர்க்கரை கிடைக்காது, சொத்தை அடங்கிவிடும். "வாய் சரியா மூடலை" என்று மறுநாள் போன் வருவது வழக்கம். சில வாரத்தில் கடி தானே சரியாகும். அடைப்பைவிட கேப்புக்கு அன்றைக்குக் கூடுதல் பணம்தான். ஆனால் பெரும்பாலும் பல்லோடு சேர்ந்தே விழும், மறு செலவு இருக்காது.

பொது மயக்கம் கொடுத்து எல்லாப் பல்லையும் ஒரே நாளில் முடிக்கும்போது தியேட்டர், மயக்க மருத்துவர், ரத்தப் பரிசோதனை என்றே பில்லின் பெரும்பகுதி போய்விடும். சில பிள்ளைகளுக்கு வேறு வழியில்லை. முதல் யோசனையே அதுவாக இருந்தால் காரணம் கேளுங்கள்.

ராத்திரி தூக்கத்தில் எழுந்து அழுகிற வலி, ஈறில் சீழ்க்கட்டி, கன்ன வீக்கம் இருந்தால் மேலே சொன்ன எதுவும் உதவாது. நரம்பு கெட்டிருக்கும், வேர் சிகிச்சை அல்லது பிடுங்குவதுதான்.

இதையெல்லாம்விட மலிவானது, மேலுதட்டைத் தூக்கி ஈறோரம் சுண்ணாம்புக் கோடு மாதிரி வெள்ளை தெரிகிறதா என்று பார்ப்பது. தெரிந்தால் அது சொத்தையின் ஆரம்பம். ராத்திரிப் பால் பாட்டிலை நிறுத்திவிட்டு, டாக்டரிடம் பல்மேல் ஃப்ளோரைடு வார்னிஷ் பூசிக்கொள்ளலாம். மூன்று வயதுக்குள் அரிசி அளவு ஃப்ளோரைடு பேஸ்ட் போதும். குழந்தைகள் பேஸ்ட் சிலவற்றில் ஃப்ளோரைடே இருக்காது. டியூபைத் திருப்பிப் படியுங்கள். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் நிலத்தடி நீரிலேயே ஃப்ளோரைடு அதிகம். அங்கே இருப்பவர்கள் வீட்டில் குடிப்பது போர்த் தண்ணீரா, ஒகேனக்கல் தண்ணீரா என்று டாக்டரிடம் சொல்லிவிட்டு பேஸ்ட்டைப் பற்றிக் கேளுங்கள்.