அணுமின் நிலையப் பயிற்சி யார் கையில் இருக்க வேண்டும்?

1977 செப்டம்பரில் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்திலுள்ள டேவிஸ்-பெஸ்ஸி அணுமின் நிலையத்தில் ஓர் அழுத்தத் தணிப்பு வால்வு மூடாமல் திறந்தபடியே நின்றுவிட்டது. உலையைக் குளிர்விக்கும் நீர் (குளிர்நீர்) வெளியேறிக்கொண்டிருந்தபோதும், அதன் அழுத்தத்தைக் காக்கும் பிரஷரைசர் தொட்டியில் நீர்மட்டம் ஏறுவதாகவே மானி காட்டியது. அதை நம்பிய ஆபரேட்டர்கள் அவசர நீர்ப் பாய்ச்சலைக் குறைத்தார்கள். உலை குறைந்த திறனில் ஓடியதாலும், சுமார் 20 நிமிடத்தில் கசிவு பிடிபட்டதாலும் விபத்து தவிர்ந்தது. 1979 மார்ச் 28 அன்று, டேவிஸ்-பெஸ்ஸி உலையை வடிவமைத்த நிறுவனமே வடிவமைத்த, பென்சில்வேனியா மாநிலத்திலுள்ள த்ரீ மைல் ஐலண்ட் 2-ஆம் உலையில் அதே வகைக் கோளாறு நேர்ந்தது. ஆபரேட்டர்களும் அதையே செய்தார்கள். இம்முறை உலை ஏறக்குறைய முழுத் திறனில் இருந்தது. நீர் வெளியேறிய வழியை அடைக்க இரண்டு மணி நேரத்துக்கு மேலானது. எரிபொருள் மையத்தில் ஏறத்தாழ பாதி உருகிப்போனது.

ஆபரேட்டர்களை அறிவற்றவர்கள் என்று தள்ளிவிட முடியாது. ‘பிரஷரைசரை நிரம்ப விடாதே’ என்று அவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லித்தந்திருந்தார்கள். அவர்கள் பழகிய சிமுலேட்டரில் (பயிற்சிக்கான மாதிரிக் கட்டுப்பாட்டு அறையில்) இந்தக் கோளாறே இல்லை. ஒஹையோவின் அனுபவம் பென்சில்வேனியாவின் வகுப்பறைக்குப் போய்ச்சேர வழியும் இருக்கவில்லை.

அந்த வழியை அமைக்கத்தான் அமெரிக்க அணுமின் நிறுவனங்கள் 1979 டிசம்பரில் தங்கள் பணத்தில் அணுமின் இயக்கக் கழகம் (INPO, இன்போ) என்ற பொது அமைப்பைத் தொடங்கின. 1985இல் அதன்கீழ் அணுப் பயிற்சிக்கான தேசியக் கழகம் வந்தது. போட்டியாளர்கள் பணம் போட்டு நடத்தும் அமைப்பு, பணம் தருபவரையே எப்படிக் கண்டிக்கும்? இந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான், நிலையங்களின் பயிற்சித் திட்டங்களுக்கு அங்கீகாரம் தரும் அங்கீகார வாரியம் அமைந்தது. அதில் மின் நிறுவன மேலாளர்களோடு பல்கலைக்கழகத்தார், பிற தொழில்களின் பயிற்சி வல்லுநர்கள், அரசின் அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் பரிந்துரைத்தவர்கள் ஆகியோரும் உட்கார்கிறார்கள். நிலையம் முதலில் தன் குறைகளைத் தானே எழுதித்தர வேண்டும். பிறகு மற்ற நிலையங்களின் ஆட்களும் சேர்ந்த குழு நேரில் வந்து பார்க்கும். கடைசியில் நிலைய மேலாளர்களே வாரியத்தின் முன் வந்து பதில் சொல்ல வேண்டும். அங்கீகாரத்தை நீட்டிக்கவும், தகுதிகாண் நிலையில் வைக்கவும், பறிக்கவும் வாரியத்துக்கு அதிகாரம் உண்டு. இந்த மூன்றாவது அதிகாரம் இல்லாவிட்டால் மற்றதெல்லாம் விருந்தோம்பலாகிவிடும்.

ஆணையம் முதலில் ஒரு கொள்கை அறிக்கையோடு நின்று, மீதியைத் தொழில்துறையிடம் விட்டது. சட்டம் கேட்பது விதி, அறிக்கை போதாது என்று 1990இல் நீதிமன்றம் சொன்னது. 1993இல் வந்த விதி, ஷிப்ட் மேற்பார்வையாளர் முதல் மின், இயந்திரப் பராமரிப்பாளர், வேதியியல், கதிர்ப் பாதுகாப்புத் தொழில்நுட்பர் வரை ஒன்பது வகைப் பணியாளர்களைப் பட்டியலிட்டு, அவர்களின் பயிற்சி வேலைப் பகுப்பாய்விலிருந்து தொடங்கியாக வேண்டும் என்றது.

பகுப்பாய்வு என்பது அலுப்பான வேலை. ஆனால் எல்லாம் அதில்தான் நிற்கிறது. ஒரு பதவியின் ஒவ்வொரு பணியையும் எடுத்து மூன்று கேள்விகள் கேட்கிறார்கள்: எவ்வளவு கடினம், தவறினால் என்ன கேடு, எத்தனை அடிக்கடி வரும்? அன்றாடம் செய்யும் எளிய பணிக்கு வகுப்பே தேவையில்லை. கடினமானதும் அடிக்கடி வருவதுமான பணியை ஒருமுறை நன்றாகக் கற்பித்தால் போதும், வேலையே பழக்கத்தைக் காக்கும். கடினமானது, கேடு பெரிது, ஆனால் வருவதே அரிது என்றால் திரும்பத் திரும்பப் பயிற்சி வேண்டும். குளிர்நீர் இழப்பு அந்த வகை. அதனால்தான் உரிமம் பெற்ற ஆபரேட்டர்களுக்கு அதிகபட்சம் 24 மாதச் சுழற்சியில் மறுபயிற்சியும், ஆண்டுதோறும் செயல்முறைத் தேர்வும் கட்டாயம். சிமுலேட்டரும் அவரவர் நிலையத்தின் கட்டுப்பாட்டு அறையைப் போலவே நடந்துகொள்ள வேண்டும். நிலையத்தில் ஒரு மானி மாறினால் அங்கேயும் மாற வேண்டும்.

நிலையத்துக்குள் பாடத்திட்டக் குழுவின் தலைமை யாரிடம் இருக்கிறது என்று பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். பராமரிப்புப் பயிற்சிக் குழுவுக்குப் பராமரிப்பு மேலாளர்தான் தலைவராக இருக்க வேண்டும். பயிற்சித் துறை அவருக்குச் சேவை செய்யும். தலைமை பயிற்சித் துறைக்குப் போய்விட்டால் வேலை நெருக்கும் நாளில் மேலாளர் தன் ஆட்களை வகுப்பிலிருந்து இழுத்துக்கொள்வார், ஏனென்றால் அது ‘அவர்கள்’ வகுப்பு. பயிற்றுநர்களும் நிலையத்துக்குள் கால் வைக்காமலே ஆண்டுகளைக் கடத்தி, கழற்றிப்போட்ட பழைய கருவியைப் பற்றிப் பாடம் நடத்துவார்கள்.

அளவுகோலும் ஏமாற்றும். வருகைப் பதிவு, தேர்ச்சி விகிதம் இரண்டும் சேகரிக்க எளிது, ஆனால் அவற்றை வைத்துப் பணித்தரத்தை எடைபோட முடியாது. மேலாளர் கேட்க வேண்டியது: திரும்பச் செய்த வேலைகள் குறைந்தனவா? ஒரே வால்வு மறுபடி கசிகிறதா? பணிக்குத் திட்டமிட்ட கதிர்வீச்சு அளவுக்குள் ஆட்கள் வெளியே வந்தார்களா?

இதற்கு நேரெதிரான நோயும் உண்டு. எந்தத் தவறு நடந்தாலும் அறிக்கையின் கடைசி வரியில் ‘மறுபயிற்சி அளிக்கவும்’ என்று எழுதிவிடுவது மேலாளருக்கு வசதி. யாரையும் பகைக்க வேண்டாம். பாடத்திட்டக் குழு முதலில் கேட்க வேண்டியது, அந்த ஆள் அதே வேலையை முன்பு சரியாகச் செய்திருக்கிறாரா என்பதை. செய்திருந்தால் செயல்முறைத் தாள், வெளிச்சம், கருவி, ஷிப்ட் நேரம் ஆகியவற்றில்தான் கோளாறைத் தேட வேண்டும். பயிற்சிக் கோரிக்கையைத் திருப்பி அனுப்பிவிடலாம்.