அப்பிச்சி சட்டையில் ஒரு நோம்பி டாப்

ஆடி பிறந்துவிட்டால் பெருந்துறையில் என் தையல் கடைக்கு வரும் பைகளில் பாதி பழைய துணியாகத்தான் இருக்கும். எல்லாம் ஆடிப்பெருக்குக்கு, எங்கள் பேச்சில் பதினெட்டு நோம்பிக்கு. போன வருடம் ஒரு அம்மாவும் பத்து வயது மகளும் வந்தார்கள். பைக்குள் ஒரே ஒரு சட்டை. வெளிர்மஞ்சளில் மெல்லிய நீலக்கோடு, 42 சைஸ், முழுக்கை.

"ஏனுங்க்கா, பதினெட்டு நோம்பிக்கு இதுல பாப்பாவுக்கு ஒரு டாப் வருமுங்களா?"

"எங்க அப்பிச்சி சட்டைங்க" என்றாள் மகள். அம்மாவைப் பெற்ற அந்தத் தாத்தா காலமாகி ஒரு வருடமாம்.

"அம்மிச்சிகிட்டக் கேட்டியா அம்மிணி?" என்றேன். இறந்தவர் துணியை வெட்டுவதில் சில வீடுகளில் மனத்தாங்கல் வரும். கேட்காமல் கத்தரி வைத்து ஒரு தடவை நான் வாங்கிக் கட்டிக்கொண்டது உண்டு. அம்மிச்சி, அதாவது அந்தப் பாட்டியேதான் பீரோவிலிருந்து எடுத்துக் கொடுத்தாராம். சரி, அப்போது துணியைப் பார்க்கலாம்.

பழைய சட்டையில் டாப் தைக்கிறவர்கள் பெரும்பாலும் தோற்பது தையலில் இல்லை, துணியைப் பார்க்காமல் வெட்டுவதில். வாசலுக்கு வந்து சட்டையை வெயிலுக்கு எதிரே விரித்துப் பிடியுங்கள். காலர் மடிப்பு, அக்குள், முழங்கை, கஃப் ஓரம் இந்த நான்கு இடமும் முதலில் நைந்துபோகும். வெளிச்சம் சல்லடை மாதிரி தெரிந்தால் அந்த இடத்தைக் கழித்துவிட வேண்டியதுதான். அப்புறம் இரண்டு கட்டைவிரலாலும் துணியை நீளவாக்கில் ஒரு இழு, அகலவாக்கில் ஒரு இழு. நூல் விலகி நின்றால் தையல் போட்ட இடத்திலேயே கிழியும். அதைக் கைப்பிடித் துணியாக்கிவிடலாம், வருத்தப்பட ஒன்றுமில்லை. வேட்டிக்குள் சொருகியே உடுத்தின சட்டைக்குக் கீழ்ப்பாகமும் முதுகும் கெட்டியாக இருக்கும். இந்தச் சட்டையும் அப்படித்தான் இருந்தது.

அடுத்து, இது என்ன துணி என்று தெரிய வேண்டும். ஆண்கள் சட்டையில் நிறைய டெரிகாட்டன், அதாவது பாலியஸ்டர் கலந்தது. சாயம் மங்காது, சுருக்கம் விழாது, பார்க்கப் புதுசாகவே இருக்கும். உள்மடிப்பிலிருந்து நாலு நூல் உருவி, இடுக்கியில் பிடித்து, எவர்சில்வர் தட்டின் மேல் கொளுத்திப் பாருங்கள். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாசம் வரும், சாம்பல் விரலில் பொடியும். நுனியில் கெட்டியாக ஒரு மணி உருண்டால் பாலியஸ்டர் இருக்கிறது. இதைக் குழந்தைகளை விட்டுச் செய்யாதீர்கள்.

இதைத் தீபாவளிக்குத் தைக்கிறவர்களுக்காக அழுத்திச் சொல்கிறேன். பாலியஸ்டர் தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். பருத்தியும் தீப்பிடிக்கும், ஆனால் உருகாது. பட்டாசு வெடிக்கிற பிள்ளைக்கு டெரிகாட்டன் வேண்டாம், தொங்குகிற பெல் கையும் வேண்டாம். உடுத்தின துணியில் தீப்பிடித்தால் ஓடாமல் தரையில் உருள வேண்டும். தீ அணைந்ததும் காயத்தில் குழாய்த் தண்ணீரை 20 நிமிடமாவது விடுங்கள். ஒட்டிய துணியைப் பிய்க்கக் கூடாது, இங்க் பூசக் கூடாது, நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

நம்முடையது பருத்திதான். ஆனால் பாக்கெட்டைப் பிரித்ததும் அடியில் கட்டமாக ஒரு கருந்தடம் தெரிந்தது. சுற்றிலும் வெளுத்திருக்க, மூடியிருந்த இடம் மட்டும் பழைய நிறத்திலேயே நின்றுவிட்டது. எத்தனை துவைத்தாலும் இது போகாது. அதற்கு ஒரே வழி, சட்டையை முன்பின்னாகத் திருப்பிவிடுவது. முதுகுத் துணி டாப்பின் முன்புறம் ஆகிறது. பட்டன் பட்டி பின்பக்கம் போய்விடும், தலை நுழையத் திறப்பும் தனியாக வெட்ட வேண்டியதில்லை. தடம் முதுகுப் பக்கம் கண்ணில் படாமல் கிடக்கும். காலரைப் பிரித்து எடுத்துவிட்டுக் கழுத்தைப் புதிதாக இறக்கினேன். பாப்பாவுக்கு மார்பு 28 அங்குலம், தளர்வு 5 விட்டு 33. கைத்துணி மேலே அகலம் என்பதால் அதிலேயே ஒரு குட்டிப் பஃப் கை வந்துவிட்டது. நூலோட்டம் மட்டும் கோணாமல் வெட்டுங்கள், கோணினால் இரண்டே துவையலில் ஓரம் தொங்கும்.

நோம்பிக் களை வர வேண்டுமே, அதற்குத்தான் பார்டர். முன்பொரு சட்டைக்கு அரக்குக் கலரில் புதுப் பார்டர் வாங்கி வந்து நேரே வைத்துத் தைத்துவிட்டேன். முதல் துவையலிலேயே சட்டை முழுக்க ரோஸ் திட்டு. கடைக்காரர் கலர் போகாது என்றுதான் சொன்னார், நம்பினது என் தப்பு. இப்போது பார்டரை நனைத்து வெள்ளைத் துணிக்குள் வைத்து இஸ்திரி போட்டுப் பார்க்காமல் ஊசியே கோப்பதில்லை. பழைய சட்டை இனிமேல் சுருங்காது, புதுப் பருத்தி சுருங்கும். ஆகவே பார்டரும் லைனிங்கும் ஒரு இரவு தண்ணீரில் ஊறி, காய்ந்து, அப்புறம்தான் மெஷினுக்கு வர வேண்டும். அம்மாவின் பழைய பட்டுச்சேலைக் கரை என்றால் மடிப்பு விழுந்த இடத்தைக் கிள்ளிப் பாருங்கள், பட்டு அங்கேதான் முதலில் வெடிக்கும். சாதா ஜரிகையில் சூடான இஸ்திரி வைத்தால் பொசுங்கிவிடும். மேலே துணி போட்டு மிதமாகத் தேய்க்க வேண்டும்.

இதில் காசு மிச்சமா என்று கேட்டால், தையல்காரியிடம் கொடுத்தால் மிச்சமில்லை. புது டாப் ஒன்றரை மணி நேரத்தில் முடியும். இது பிரிக்கவே ஒரு மணி நேரம், மொத்தம் நான்கு மணி நேரம் ஆனது. ஈரோட்டு ஜவுளிச் சந்தையில் இதைவிடக் குறைவாகப் புதுசே எடுக்கலாம். ஆனால் அந்தப் புதுசுக்கு யாரோ சாயம் ஏற்றியிருக்கிறார்கள், அந்தத் தண்ணீர் எங்கேயோ போயிருக்கிறது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் அளவுக்கு நொய்யல் ஆறு கெட்டுப்போனதை நாம் பக்கத்திலிருந்து பார்த்தவர்கள். இந்தச் சட்டைக்குச் சாயம் ஒரு தடவை ஏறியாயிற்று. வீட்டில் மெஷின் இருக்கிறவர்கள் நீங்களே தைத்துப் பாருங்கள். கெட்டால் போவது பழைய சட்டைதான். அப்பிச்சி சட்டை என்றால் மட்டும், முதலில் வேறொரு சட்டையில் பழகிக்கொள்ளுங்கள்.

அன்றைக்குப் பிரித்தெடுத்த பாக்கெட்டை டாப்பின் பக்கத்தில் வைக்கச் சொன்னாள் அவள். அதன் அடியில் பேனா மை கசிந்த கறை ஒன்று இருந்தது. மேலே ஒரு பூ வைத்து மறைத்துவிடலாம் என்று துணி தேடினேன்.

"பூ வேண்டாமுங்க்கா, அது அப்பிச்சி பேனா" என்றாள்.

அப்படியே வைத்துத் தைத்துக் கொடுத்தேன்.