உருவம் போடும் கணக்கு: மிதவை உயிரிகளின் உலகம்

கொடைக்கானல் ஏரி 1863-ல் உருவானது. அதன் நீரில் ஒரு சொட்டை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் பச்சையும் பழுப்புமாக எத்தனையோ உருவங்கள் தெரியும். நீரோடு மிதந்து திரியும் இவற்றுக்குப் பிளாங்டன் என்று பெயர். கடலில் இவற்றின் இனங்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. இவை எப்படிப் பெருகும், எப்படிக் குறையும் என்று கணிக்கும் கணித மாதிரியில் ஒவ்வோர் இனத்துக்கும் தனிச் சமன்பாடு எழுதி முடியாது. அதற்கான அளவீடுகளே கிடையாது. அதனால் ஆய்வாளர்கள் பலர் இனப்பெயரை ஒதுக்கிவிட்டு உடல் அளவைப் பிடித்துக்கொண்டார்கள்.

ஒரு செல்லின் விட்டம் இரண்டு மடங்கானால் பரப்பு நான்கு மடங்காகும், கனஅளவோ எட்டு மடங்காகும். சத்து உள்ளே வருவது பரப்பின் வழியே. தேவைப்படுவது கனஅளவு முழுமைக்கும். ஆகவே நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் அரிதான வெப்பமண்டல நடுக்கடலில் சிறியவைதான் பிழைக்கும். 1 மைக்ரோமீட்டர்கூட (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இல்லாத புரோகுளோரோகாக்கஸ் என்னும் ஒளிச்சேர்க்கை பாக்டீரியா அங்கே கோலோச்சுகிறது. 1980-களின் பிற்பகுதி வரை அப்படியொன்று இருப்பதே பரவலாகத் தெரியாது!

அப்படியானால் டையட்டங்கள் என்னும் பெரிய ஒரு செல் பாசிகளுக்கு ஏது இடம்? கணித மாதிரியில் என்னை மிகவும் கவர்ந்த பகுதி இதற்கான விடைதான். மாதிரியில் உயிரிகளை அளவு வாரியாக வகுப்புகளாகப் பிரிப்பார்கள். வளரும் வேகம், சத்தை உறிஞ்சும் திறன், மூழ்கும் வேகம் எல்லாம் அளவிலிருந்தே கணக்கிடப்படும். மேயும் உயிரி பெரும்பாலும் நீளத்தில் தன்னில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குள்ள இரையைத் தின்பதாக வைப்பார்கள். மிகச் சிறிய பாசியை மேய்வதும் ஒரு செல் உயிரிதான். இரை பெருகும் வேகத்திலேயே அதுவும் பெருகிவிடும். எனவே சத்து எவ்வளவு கூடினாலும் சிறிய பாசி ஓர் அளவுக்கு மேல் பெருக முடியாது. மிஞ்சும் சத்து அடுத்த அளவுக்காரருக்குப் போகும். சிறியவை ஒழிந்து பெரியவை வருவதில்லை. சிறியவை இருக்க, அவற்றுக்கு மேல் பெரியவை வந்து சேர்கின்றன. டையட்டங்களை மேயும் கோப்பிபாடுகள் என்னும் மிகச் சிறிய இறால் இன உயிரிகள் வளர்ந்து முட்டையிட வாரக்கணக்கில் ஆகும். அந்த இடைவெளியில் டையட்டங்கள் பெருகிவிடும். ஆழத்துச் சத்து மேலே பொங்கிவரும் பெரு நாட்டுக் கடற்கரையில் நெத்திலி கொழிப்பதற்கு அடிப்படை இந்தப் பெருக்கம்தான்.

ஏரிக்கும் இதே கண்ணோட்டம் பொருந்தும். புரூக்ஸ், டாட்சன் இருவரும் 1965-ல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்க ஏரிகளில் மீன்கள் பெரிய விலங்கு மிதவைகளைப் பொறுக்கித் தின்றதால் சிறியவை பெருகியதைக் காட்டினார்கள். ஊட்டியிலோ கொடைக்கானலிலோ ஓர் ஏரியில் மீன் குஞ்சு விடுமுன் இதையும் யோசிக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னும் பின்னும் ஏரி நீரை வெவ்வேறு கண் அளவுள்ள வலைகளில் வடிகட்டி, அளவு வாரியாக எண்ணிவந்தால் மாற்றம் புலப்படும். இனம் பிரித்தறியத் தெரியாத பள்ளி மாணவர்களும் அதைச் செய்யலாம்.